கொல்லப்பட்டால்தான் கணக்கில் வருவார்களா? செய்தியாளர் பாதுகாப்பு பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

கடலூர் செம்மண்டலத்தில் இருந்து காலையில் பைக்கை எடுக்கும் ஒரு மாவட்டச் செய்தியாளர் அன்றைக்கு எங்கே போவார்? சிப்காட் ரசாயன ஆலையில் கசிவு என்றால் அங்கே. தென்பெண்ணையில் மணல் அள்ளுகிறார்கள் என்று தகவல் வந்தால் அங்கே. நெய்வேலி பக்கம் நிலம் எடுக்கும் தகராறு, தேவனாம்பட்டினத்தில் கடல் சீற்றம், சிதம்பரத்தில் கோயில் பிரச்சினை என்று நாள் போகும். எல்லாமே போய்விட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பக்கூடிய தூரம்தான்.

ஆனால் 'பத்திரிகையாளர் பாதுகாப்பு' என்று சொன்னதும் நம் கண்ணில் வரும் படம் வேறு. தலையில் ஹெல்மெட், மார்பில் 'பிரஸ்' என்று எழுதிய குண்டு துளைக்காத உடுப்பு, பின்னால் இடிந்த கட்டடம். காஸாவும் உக்ரைனும் அந்தப் படத்தைப் பொய்யாக்கவில்லை. இருந்தாலும் அது பாதிப் படம்தான். கடந்த பல ஆண்டுகளாக உலகப் பல்கலைக்கழகங்களில் இதை ஒரு தனி ஆய்வுத் துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். போர் நடக்காத நாடுகளைப் பற்றி அந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஆபத்து அதிகம் இருப்பது சொந்த ஊரில், சொந்த ஊர்க்காரர்களிடம் இருந்து, பெரிதாக யாருக்கும் பெயர் தெரியாத செய்தியாளருக்கு.

ஜனநாயக நாட்டிலா? ஆமாம், அங்கேதான்

ஜெர்மனியில் பணிபுரியும் அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் சபைன் கேரி, அனிதா கோடஸ் இருவரும் 2021-ல் 'ஜர்னல் ஆஃப் பாலிடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க நடந்த செய்தியாளர் கொலைகளை எடுத்துக்கொண்டு, கொன்றது யார், கொல்லப்பட்டவர் எவ்வளவு பிரபலமானவர் என்று பிரித்துப் பார்த்தார்கள்.

கிடைத்த முடிவு பலருக்கும் ஆச்சரியம். கொல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையினர் சர்வாதிகார நாடுகளில் இல்லை, ஜனநாயக நாடுகளில் இருந்தார்கள்.

ஏன் அப்படி? சர்வாதிகாரி ஒருவர் பத்திரிகையையே மூடிவிடலாம், இணையத்தையே முடக்கலாம். கொலை செய்ய வேண்டிய அவசியம் அவருக்குக் குறைவு. ஜனநாயக நாட்டில் ஓர் உள்ளூர் அரசியல்வாதிக்கோ அதிகாரிக்கோ அந்த வசதி கிடையாது. செய்தி வந்தால் அடுத்த தேர்தலில் பதவி போகும், பதவியோடு வருமானமும் போகும். செய்தியைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது செய்தியாளர் குறியாகிறார். உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் நாடுகளில் இந்த ஆபத்து கூடுதல் என்றும், அதிலும் அதிகம் அறியப்படாத செய்தியாளர்களே பலியாகிறார்கள் என்றும் அந்தக் கட்டுரை காட்டியது. குற்றக் கும்பல்கள் செய்யும் கொலைகளும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகின்றனவாம். உள்ளூர் அதிகாரத்துக்கும் கும்பலுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு தடயம் என்கிறார்கள் இருவரும்.

தேர்தல் கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தேர்தல் மட்டும் நடத்தினால் போதாது, கீழ்மட்டத்தில் நடப்பதை மேலே இருப்பவர்கள் கண்காணிக்க வேண்டும் என்பதே அவர்களின் வாதம்.

இந்திய உதாரணங்களை இதோடு வைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில் சந்தீப் சர்மா லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மணல் கொள்ளைக்குப் போலீஸ் அதிகாரி லஞ்சம் வாங்குவதாக ரகசிய கேமராவில் பதிவு செய்தவர் அவர். 2020 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் சுபம் மணி திரிபாதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதியது மணல், நில ஆக்கிரமிப்பு பற்றி. 2025 ஜனவரி 1 அன்று சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் காணாமல் போன முகேஷ் சந்திராகரின் உடல், 2 நாள் கழித்து ஒரு ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான இடத்தில் இருந்த செப்டிக் டேங்கில் கிடைத்தது. அவர் வெளிக்கொண்டு வந்தது ரோடு போட்டதில் நடந்த ஊழல். அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ஒப்பந்ததாரர் அவருக்கே உறவினர்.

மணல், நிலம், ரோடு காண்ட்ராக்ட். மூன்று பேருமே தலைநகரங்களில் உட்கார்ந்து எழுதியவர்கள் இல்லை.

ஒரே ஆண்டு, மூன்று கணக்கு

சரி, இதையெல்லாம் யார் எண்றாங்க? பெரிய அளவில் எண்ணுபவர்கள் சிலர்தான். நியூயார்க்கில் 1981-ல் தொடங்கிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு (சுருக்கமாக சிபிஜே), பாரிஸில் இருக்கும் 'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பு (ஆர்எஸ்எஃப்), ஐ.நா.வின் யுனெஸ்கோ, பிறகு சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு.

2024-ம் ஆண்டில் உலகம் முழுக்க எத்தனை செய்தியாளர்கள் கொல்லப்பட்டார்கள்? சிபிஜே கணக்கில் 124. ஆண்டு முடியும் முன் யுனெஸ்கோ வெளியிட்ட கணக்கில் 68. டிசம்பர் தொடக்கம் வரை எண்ணிய ஆர்எஸ்எஃப் சொன்னது 54.

யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எண்ணும் முறை வேறு. கேமரா வேன் ஓட்டுநர் கொல்லப்பட்டால் அவரைச் சேர்ப்பதா? வேலை நேரத்தில் இல்லாதபோது வீட்டில் குண்டு விழுந்து இறந்தவரை? யூடியூபில் மட்டும் செய்தி போடுபவரை? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. செய்தித் தொழில் காரணமாகவே கொல்லப்பட்டார் என்று உறுதியானவர்களை ஒரு பட்டியலிலும், காரணம் உறுதியாகாதவர்களை இன்னொரு பட்டியலிலும், ஊடகப் பணியாளர்களைத் தனியாகவும் வைக்கிறது சிபிஜே.

மதுரையில் இறந்த 3 பேரை எங்கே சேர்ப்பது?

இந்தக் குழப்பம் புரிய வெளிநாடு போக வேண்டியதில்லை. 2007 மே 9. அரசியல் வாரிசு பற்றிய கருத்துக்கணிப்பு ஒன்றை வெளியிட்டதற்காக மதுரையில் தினகரன் நாளிதழ் அலுவலகம் தாக்கப்பட்டு, பெட்ரோல் குண்டு வீசித் தீ வைக்கப்பட்டது. 3 பேர் உயிரிழந்தார்கள். 2 பேர் கணினிப் பிரிவு ஊழியர்கள், ஒருவர் காவலாளி.

மூவரில் யாரும் செய்தி எழுதியவர் இல்லை. ஆனால் ஒரு செய்திக்காகத்தான் இறந்தார்கள். 'செய்தியாளர் கொலை' என்று மட்டும் எண்ணினால் தமிழ்நாட்டின் மிக மோசமான பத்திரிகைத் தாக்குதலில் பலி பூஜ்யம் என்று வரும்! ஊடகப் பணியாளர் என்ற தனிப் பிரிவு ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

வழக்கின் போக்கும் பாடம்தான். 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2019 மார்ச்சில். இடையில் 12 வருஷம்.

இந்தத் தாமதத்துக்கும் தண்டனை இல்லாமல் தப்புவதற்கும் ஆய்வுலகில் தனி இடம் உண்டு. உலக அளவில் செய்தியாளர் கொலை வழக்குகளில் 85 சதவீதம் தீர்க்கப்படாமல் இருப்பதாக 2024-ல் யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. 2012-ல் அது 95 சதவீதம். முன்னேற்றம்தான், ஆனால் எந்தத் தொழிலிலாவது 100-க்கு 85 கொலைகள் தீராமல் போனால் அதை முன்னேற்றம் என்று சொல்ல வாய் வருமா என்பது வேறு விஷயம்.

இந்தியாவுக்கு மட்டும் கீதா சேஷு, ஊர்வசி சர்க்கார் இருவரும் செய்த ஆய்வு 2019 டிசம்பரில் வெளிவந்தது. 2014 முதல் 2019 வரை 198 கடுமையான தாக்குதல்கள். கொல்லப்பட்டவர்கள் 40 பேர். அதில் குறைந்தது 21 பேர் செய்தி வேலைக்காகவே கொல்லப்பட்டது உறுதி. 2010-க்குப் பிறகு நடந்த 30-க்கும் மேற்பட்ட கொலைகளில் தண்டனை வந்தது 3 வழக்கில் மட்டும். அதில் ஒன்று, 2011-ல் மும்பையில் கொல்லப்பட்ட ஜே டே வழக்கு. தாதா சோட்டா ராஜனுக்கு 2018-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜே டே மும்பையின் மூத்த குற்றச் செய்தியாளர், நாடு முழுக்கப் பேசப்பட்ட வழக்கு. பெயர் தெரிந்தவருக்கு நீதி கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதும் இந்தக் கணக்குகளில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தி.

'சொந்தப் பகை' என்று முடியும் வழக்குகள்

எண்ணுவதில் இன்னொரு சிக்கல், காரணம். 2020 நவம்பர் 8 இரவு, காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் அருகே தமிழன் தொலைக்காட்சி செய்தியாளர் மோசஸ் வீட்டுக்கு அருகிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். புறம்போக்கு நில விற்பனை, கஞ்சா விற்பனை பற்றி அவர் செய்தி சேகரித்துக் கொடுத்தவர் என்று பத்திரிகையாளர் அமைப்புகள் சொல்லின.

இப்படி ஒரு வழக்கு வந்தால் முதலில் கிளம்பும் பேச்சு 'முன்விரோதம்' என்பதுதான். உள்ளூர்க்காரரை உள்ளூர்க்காரர் கொல்லும்போது முன்விரோதம் இல்லாமலா இருக்கும்? ஒரே தெரு, ஒரே டீக்கடை. செய்தியால் வந்த பகையா, பகையால் வந்த செய்தியா என்று பிரிப்பது விசாரணை அதிகாரிக்கே கஷ்டம். 2,000 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து பட்டியல் போடும் ஆய்வாளருக்கு இன்னும் கஷ்டம். அதனால் பல பெயர்கள் 'காரணம் உறுதியாகவில்லை' என்ற பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

இதில் மாவட்ட, தாலுகா செய்தியாளரின் வேலை அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு செய்திக்கு இவ்வளவு என்ற கணக்குதான். சிலர் பக்கத்தில் ஒரு கடை, கொஞ்சம் விவசாயம், விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன் என்று ஓட்டுகிறார்கள். வட இந்திய மொழிப் பத்திரிகைகளில் இந்த முறை எப்படி வளர்ந்தது என்பதை செவந்தி நைனன் 2007-ல் வெளியான தன் புத்தகத்தில் விரிவாகக் காட்டியிருக்கிறார். அப்படி ஒருவர் கொல்லப்பட்டால், 'அவர் எங்க செய்தியாளரே இல்லை' என்று நிறுவனம் கைகழுவ வழி இருக்கிறது. போலீசும் அதை அப்படியே எழுதிக்கொள்ளும். 2016-ல் இந்தியா பற்றி சிபிஜே வெளியிட்ட அறிக்கை இதைத்தான் குறிப்பாகச் சொன்னது: சிறு நகரங்களில் ஊழலை எழுதுபவருக்கு ஆபத்து அதிகம், பின்னால் நிற்க நிறுவனம் குறைவு. 1992-ல் இருந்து அதுவரை வேலைக்காகக் கொல்லப்பட்ட 27 பேர் வழக்கில் ஒன்றில்கூட முழு நீதி கிடைக்கவில்லை என்றும் அது கணக்குக் காட்டியது.

கொலைக்கு முன்னால் ஒரு போன் கால்

மேலே சொன்ன வழக்குகளை இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள். சந்தீப் சர்மா, உயிருக்கு ஆபத்து என்று பாதுகாப்பு கேட்டு முன்கூட்டியே கடிதம் எழுதியவர். சுபம் மணி திரிபாதி, தன்னைக் கொல்லத் திட்டம் இருப்பதாக ஃபேஸ்புக்கில் பதிவிட்ட சில நாட்களில் கொல்லப்பட்டார்.

தமிழ்நாட்டில் 2024 ஜனவரி 24 இரவு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். திருப்பூர் மாவட்டம் பல்லடம் பகுதியில் ஒரு தனியார் தொலைக்காட்சியின் செய்தியாளர், தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், வீட்டருகே விசாரிக்கிறார்கள் என்று போலீசுக்குப் பலமுறை போன் செய்தார். கடைசி அழைப்பில் 'வந்துட்டாங்க' என்று அவர் கதறிய ஆடியோ மறுநாள் எல்லோர் செல்போனிலும் ஓடியது. அரிவாளால் வெட்டப்பட்ட அவர் உயிர் பிழைத்தார். காவல் ஆய்வாளர் மீது நடவடிக்கை, பத்திரிகையாளர் நல வாரியம் மூலம் 3 லட்சம் ரூபாய் உதவி, கைதுகள் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. எல்லாமே வெட்டு விழுந்த பிறகு.

ஆய்வாளர்கள் கவலைப்படும் இடம் இதுதான். கொலைக்குப் பட்டியல் இருக்கிறது. மிரட்டலுக்கு இல்லை. 'தம்பி, குடும்பம் இருக்குல்ல?' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? கொலைகளை மட்டும் எண்ணினால் கடலூர் மாதிரி ஒரு மாவட்டம் பாதுகாப்பான இடமாகவே தெரியும். மிரட்டல், வண்டி எரிப்பு, கேமரா பிடுங்கல், பொய் வழக்கு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை நிலவரம் வரும். யுனெஸ்கோ தயாரித்த 'செய்தியாளர் பாதுகாப்புக் குறியீடுகள்' இந்தத் திசையில் செய்யப்பட்ட முயற்சி. ஒரு நாட்டில் அரசு, நீதிமன்றம், ஊடக நிறுவனம், தொழிற்சங்கம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை அது.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2022 செப்டம்பர் 19 அன்று, கனியாமூர் தனியார் பள்ளி விவகாரத்தில் செய்தி சேகரிக்கப் போன நக்கீரன் இதழின் செய்தியாளரும் புகைப்படக் கலைஞரும் துரத்திச் சென்று தாக்கப்பட்டார்கள். இறந்துபோன அந்த மாணவியின் சொந்த ஊர் கடலூர் மாவட்டம்தான் என்பதால் இங்கேயும் அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. யாரும் சாகவில்லை, அதனால் எந்த உலகப் பட்டியலின் கொலைக் கணக்கிலும் அது இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம்

தமிழில் எழுதியதற்காக அதிக விலை கொடுத்தவர்கள் இலங்கைப் பத்திரிகையாளர்கள். 2000 அக்டோபர் 19 அன்று பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு நேரத்தில் தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். 2004 மே மாதம் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட 'தராக்கி' சிவராம். 2006 ஜனவரியில் திருகோணமலையில் சுகிர்தராஜன். அதே ஆண்டு மே 2, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய இரவு, யாழ் உதயன் அலுவலகத்தில் துப்பாக்கிச் சூடு.

ஆனால் உலகம் அதிகம் அறிந்த பெயர் 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்ட ஆங்கிலப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுடையது. 2022-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பத்திரிகையாளர் அமைப்புகள் கூட்டிய மக்கள் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்ட 3 வழக்குகளில் ஒன்று அவருடையது. மற்றவை சிரியாவும் மெக்சிகோவும். லசந்தவின் வழக்கு முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மாகாண நகரங்களில் தமிழில் எழுதிச் செத்தவர்களின் கோப்பு இந்த அளவுக்கு வெளிச்சத்துக்கு வரவில்லை. நிமலராஜன் கொலையில் 2022 பிப்ரவரியில் ஒருவரைக் கைது செய்தது இங்கிலாந்து போலீஸ். கொலை நடந்து 21 வருஷம் கழித்து, வேறொரு நாட்டில்.

அடி விழுந்தால் மட்டும்தான் ஆபத்தா?

பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கே 2023-ல் ஒரு புது வரையறை வந்தது. வெரா ஸ்லாவ்சேவா பெட்கோவா தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அது. உடல், மனம், டிஜிட்டல், பணம் ஆகிய 4 வகையிலும் பாதிப்பு வராமல் தன் வேலையைச் செய்ய முடிகிறதா என்பதே ஒரு செய்தியாளரின் பாதுகாப்பு என்றார்கள்.

பணத்தை இதில் சேர்த்தது சின்ன விஷயம் இல்லை. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் கல்வீச்சில் கால் உடைந்து 2 மாதம் படுத்தால் வருமானம் பூஜ்யம். 2021-ல் கொரோனா நேரத்தில் தமிழ்நாடு அரசு பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர்களாக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் இது போன்ற உதவிகளில் 'இவர் பத்திரிகையாளர்தான்' என்று காட்டும் அட்டை முதல் கேள்வியாக வந்து நிற்கும். அட்டை இல்லாத தாலுகா செய்தியாளர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

மனநலம் பற்றி டொரன்டோ பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஆன்டனி ஃபைன்ஸ்டைன் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 140 போர்ச் செய்தியாளர்களைச் சோதித்ததில் நான்கில் ஒருவருக்கும் மேலாக, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கொடும் அதிர்ச்சிக்குப் பின்வரும் மனப் பாதிப்பு இருந்திருக்கிறது. போரே பார்க்காத கடலூர்ச் செய்தியாளர்கள் 2004 சுனாமியில் வரிசையாகக் கிடந்த உடல்களைப் படம் எடுத்தவர்கள். அவர்களை உட்கார வைத்து 'தூக்கம் வருதா?' என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பெண் செய்தியாளர்களுக்கு மூன்றாவது வகை, அதாவது டிஜிட்டல் தாக்குதல், தினசரி விஷயம். சர்வதேசச் செய்தியாளர் மையமும் யுனெஸ்கோவும் 2020-ல் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்ன பெண் செய்தியாளர்களில் 73 சதவீதம் பேர் இணைய வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். 20 சதவீதம் பேர், அது இணையத்தோடு நிற்காமல் நேரடித் தாக்குதலாகவும் மாறியது என்றார்கள். தமிழ்நாட்டில் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில் நடிகர் எஸ்.வி.சேகருக்கு 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை உறுதி செய்தது. வழக்கு அதன் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு ஃபேஸ்புக் பதிவுக்கு இவ்வளவு தூரம் வழக்கு நடத்திய சம்பவங்கள் அபூர்வம்.

வராத செய்தியை எப்படி எண்ணுவது?

இந்தத் துறையிலேயே கஷ்டமான கேள்வி இதுதான். மெக்சிகோவில் சாலி ஹியூஸ், மிரேயா மார்கெஸ் ராமிரெஸ் இருவரும் நூற்றுக்கணக்கான செய்தியாளர்களிடம், 'ஆபத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். கிடைத்த பதில்களில் குண்டு துளைக்காத உடுப்பு இல்லை. சில செய்திகளை எழுதாமல் விடுவது, நிறுவனம் வேண்டாம் என்றதைத் தொடாமல் இருப்பது, சம்பவ இடத்துக்கே போகாமல் இருப்பது, கிடைத்த தகவலை மறைப்பது என்றுதான் வந்தது.

அதாவது, செய்தியாளர் பத்திரமாக இருக்கிறார், செய்தி செத்துவிட்டது. அந்த ஊரில் தாக்குதல் எண்ணிக்கையும் குறையும்! அறிக்கையைப் பார்ப்பவருக்கு அமைதியான ஊராகத் தெரியும். ஒரு மாவட்டத்தில் மணல் பற்றிய செய்தி ஒரு வருஷமாக வரவில்லை என்றால், மணல் அள்ளுவது நின்றுவிட்டதா, எழுதுவது நின்றுவிட்டதா? எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அங்கே போய், செய்தியாளர்களிடம் உட்கார்ந்து பேசினால்தான் முடியும். 'வேர்ல்ட்ஸ் ஆஃப் ஜர்னலிசம்' என்ற பன்னாட்டு ஆய்வு இப்படி நேரடியாகக் கேட்கும் வகையைச் சேர்ந்தது. அதன் இரண்டாவது சுற்றில் 67 நாடுகளில் 27,500 செய்தியாளர்களிடம் பேசினார்கள். அடுத்த சுற்றில் பாதுகாப்பு பற்றிய கேள்விகளும் சேர்ந்தன. பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு வலையமைப்பும் இயங்குகிறது.

புயலும் புகையும் தடியடியும்

கடலூர் செய்தியாளருக்கு ஆபத்து மனிதர்களால் மட்டும் வருவதில்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது இந்தக் கரையில்தான். 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று வரிசை நீளம். இடுப்பளவு தண்ணீரில் நின்று நேரலை கொடுத்தால் ஸ்டூடியோவில் கைதட்டல் கிடைக்கும். அந்தத் தண்ணீருக்குள் மின்கம்பி கிடக்கிறதா என்று கேட்பவர் குறைவு. இதை வேறு யார் மேலும் பழி போட முடியாது, செய்தி நிறுவனங்களே மாற்ற வேண்டிய பழக்கம்.

2021 மே 13 அன்று சிப்காட்டில் ஒரு ஆலையில் விபத்து நடந்து 4 பேர் இறந்தபோதும், 2020-ல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்து பாய்லர் வெடித்தபோதும் முதலில் ஓடியவர்களில் செய்தியாளர்கள் இருந்தார்கள். ரசாயனப் புகை எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதெல்லாம் பயிற்சி கொடுத்துச் சொல்ல வேண்டிய விஷயங்கள். 2023 ஜூலை 28 அன்று நெய்வேலியில் நில எடுப்புக்கு எதிரான போராட்டம் கலவரமானபோது கல்வீச்சு, தடியடி, தண்ணீர் பீரங்கி, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு எல்லாம் நடந்தது. கேமராமேன் அதற்கு நடுவில்தான் நிற்பார். இரண்டு பக்கமும் அவரை எதிராளியின் ஆள் என்றுதான் பார்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மகாராஷ்டிரம் 2017-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. செய்தியாளரையோ ஊடக நிறுவனத்தையோ தாக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், விசாரணையை டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் செய்ய வேண்டும். அதிலும் செய்தி வேலையே முதன்மைத் தொழிலாகவும், ஒரு நிறுவனத்தில் நிரந்தர அல்லது ஒப்பந்த வேலையிலும் இருப்பவர்தான் 'ஊடகவியலாளர்'. பாதி நாள் கடையில் உட்காரும் தாலுகா செய்தியாளர் இதற்குள் வருவாரா என்பது வழக்கறிஞர்களின் வாதத்தைப் பொறுத்தது. 2023 மார்ச்சில் சத்தீஸ்கர் சட்டமன்றமும் ஒரு பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் பேசப்பட்ட அதே மாநிலத்தில்தான் 2025 புத்தாண்டில் முகேஷ் சந்திராகர் கொல்லப்பட்டார்.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் மிரட்டல் குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு அதைப் பற்றியது. நடைமுறையில் ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்ஐஆர் வேண்டும் என்றால் இன்னும் நடக்க வேண்டும். புகாரில் உள்ளது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் என்றால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற தகராறு இல்லாமல் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். மின்னணு முறையில் அனுப்பிவிட்டு 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திடவும் இப்போது வழி இருக்கிறது.

ரசீது மட்டும்தான் கிடைத்தது என்றாலும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். மிரட்டல் வந்த தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை, அப்போது எந்தச் செய்தியில் வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை அன்றைக்கே எழுதி, ஸ்க்ரீன்ஷாட்டோடு ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது. பிறகு ஒரு நாள் 'முன்விரோதம்' என்று கோப்பை மூட யாராவது முயன்றால், செய்திக்கும் மிரட்டலுக்கும் இருந்த தொடர்பைக் காட்ட அந்தத் தாள்தான் இருக்கும்.